பூசை போடாத வண்டி

மீன்காரிக்கு வாய் நீளம் என்று கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. என் காதுபடவே சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று பெயர் வாங்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

சிவசுப்பிரமணியன் என் வீட்டுக்கு வந்தது 2007 டிசம்பரில். மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ஊரில் அவருக்கு ஜீப்பு மணி என்று பெயர். மூன்று வருடமாக என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகிற மனிதர், அன்றைக்கு ஒரு பை நிறைய ஆப்பிளோடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். “தங்கச்சி” என்று கூப்பிட்டார். அதற்கு முன்னால் நான் அவருக்கு ‘ஏ மதி’தான். மதிவதனி என்று முழுப்பெயர் கூட அவர் வாயில் வந்ததில்லை. ஆப்பிளையும் தங்கச்சியையும் சேர்த்துப் பார்த்ததுமே, ஆடு நனைகிறதே என்று அழ ஓநாய் வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அவர் செய்யும் வியாபாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மீனவர் குப்பத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் வழியில், மணல் முடிந்து தார் ஆரம்பிக்கிற மேட்டில் அவருடைய கொட்டகை இருக்கிறது. இங்கிலாந்து, பிரான்ஸ் என்று எங்கெங்கோ காட்டிலும் வயலிலும் ஓடி ஓய்ந்த பழைய ஜீப், லேண்ட் ரோவர் வண்டிகளை அங்கே இருக்கிற சொந்தக்காரர்களை விட்டு வாங்குவார். எங்கள் காரைக்கால் பக்கம் தெருவுக்கு நாலு பேர் பிரான்ஸில் இருக்கிறார்கள், அதனால் ஆளுக்குப் பஞ்சமில்லை. வண்டி கப்பலில் சென்னைக்கு வந்து, லாரியில் கோட்டுச்சேரிக்கு வரும். எந்தச் சட்டத்தின் எந்தச் சந்தில் புகுந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வதில்லை. இங்கே அதைக் கழற்றி, துரு சுரண்டி, தகரம் தட்டி, பெயிண்ட் அடித்து, ஊட்டி எஸ்டேட்காரர்களுக்கும் பெங்களூர் கம்பெனி முதலாளிகளுக்கும் விற்பார்.

“வண்டிய எவனும் வாங்குறதில்ல. கதையத்தான் வாங்குறான்” என்பது மணி அடிக்கடி சொல்கிற வார்த்தை. இங்கிலாந்தில் எவனோ ஒரு குடியானவன் வைக்கோல் ஏற்றிய வண்டி, கோட்டுச்சேரிக்கு வந்தால் ஆப்பிரிக்காவில் சிங்கவேட்டைக்குப் போன வண்டி ஆகிவிடும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காசு இருக்கிறவன் ஏமாறுகிறான், ஏமாறட்டும். செத்த சிங்கம் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. ஆனால் நான் சாகவில்லையே.

ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு, மணி ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். சுனாமி வந்து இரண்டு வருடம் ஆனதை ஒட்டி வந்த இதழாம். முழுப் பக்கத்துக்கு ஒரு போட்டோ. கோட்டுச்சேரி ஸ்டுடியோக்காரர் அலை வந்த அன்றைக்குத் தன் கடை மாடியில் நின்று எடுத்த படம். நடுவில் பச்சை லேண்ட் ரோவர். அதன் பின்பக்கப் படுதா திறந்து கிடக்கிறது, உள்ளே நீளப் பலகையில் வெள்ளைத் துணி சுற்றிய எதுவோ கிடத்தியிருக்கிறது. வண்டிக்குப் பின்னால் தலைவிரி கோலமாக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒருத்தி ஓடுகிறாள். அது நான்.

“கீழ என்ன போட்டுருக்கான் தெரியுமா தங்கச்சி? சுனாமில மக்களக் காப்பாத்துன பழைய வண்டின்னு போட்டுருக்கான். நானா போடச் சொன்னேன்? அவனா எழுதுனான்” என்றார் மணி. “இதப் பாத்துட்டு கோயமுத்தூர்லேந்து ஒரு பெரிய மனுசர் வர்றாரு. இந்த மாதிரி வண்டியா ஒரு கொட்டாய் நெறய வச்சுருக்காராம். எடுத்தா இந்தப் பச்ச வண்டியத்தான் எடுப்பேங்கிறாரு. ஆனா படத்துல இருக்குற அந்தம்மாவ ஒரு தடவ பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு.”

“பாத்து?”

“நீ ஒண்ணும் பெருசா பேச வேணாம். அன்னைக்கி இந்த வண்டிதான் எங்கள ஏத்திட்டுப் போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.” கொஞ்சம் இருமினார். “உள்ள வெள்ளத் துணி சுத்திக் கெடக்குல்ல, அது உன் வீட்டுக்காரருன்னு அவரா நெனச்சுக்கிட்டாரு. நானும் இல்லன்னு சொல்லல. நாகராஜு பேரப் பித்தளத் தகட்டுல வெட்டி வண்டிலயே பதிக்கிறேன்ங்கிறாரு. எவ்வளவு பெரும பாரு.”

அந்த வெள்ளைத் துணிக்குள் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். மணிக்கும் தெரியும். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. ஆப்பிளை எடுத்து அவர் முகத்தில் எறிந்திருப்பேன். என் மாமியார் உள்ளே படுத்திருந்தாள். மகன் எப்படிச் செத்தான் என்று அவளுக்கு நான் பாதிதான் சொல்லியிருந்தேன். அதனால் குரலை இறக்கி, யோசித்துச் சொல்கிறேன், போங்கள் என்றேன். மணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். அலை வந்தபோது என் வீட்டுக்காரர் நாகராஜ் கரையில் வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவரை அடிக்கவில்லை, தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்த பைபர் படகு அடித்தது. ஐஸ் கம்பெனிச் சுவருக்கும் போட்டுக்கும் நடுவில் இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் நானும், அவரோடு தொழிலுக்குப் போகிற மாரிக்கண்ணுவும் போட்டை நகர்த்தி அவரை இழுத்து எடுத்தோம். நினைவு இருந்தது. பேசினார். தொடையிலிருந்து ரத்தம் மட்டும் நிற்கவில்லை. யார் வீட்டுக் கதவோ ஒன்று கிடந்தது, அதில் போட்டுத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்தோம். தண்ணீர் அதுவரை ஏறவில்லை. மணியின் கொட்டகை கேட்டுக்குள் பச்சை லேண்ட் ரோவர் பளபளவென்று நின்றது.

நாலு மாதமாக அதைத் தட்டித் தட்டி முடித்திருந்தார்கள். முந்தின வாரம்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மணி வெளியே வந்தார்.

“அண்ணே, வண்டிய எடுங்கண்ணே. ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரில எறக்கிட்டு வந்துருங்க.”

அவர் கதவின் மேல் கிடந்தவரைப் பார்த்தார். வண்டியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் இரக்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“பூச போடல மதி” என்றார். “மார்கழி வேற. தை பொறந்து அம்பகரத்தூர் காளிக்குப் போயி, எலுமிச்சம்பழம் வச்சுத்தான் வெளில எடுக்கணும்னு இருக்கேன். மொத மொத ஏத்துறதே ரத்தமா இருந்தா வண்டி வெளங்குமா? நீயே சொல்லு.”

நானே சொல்ல வேண்டுமாம். எங்கள் ஊரில் மார்கழியில் யாரும் புது வண்டி எடுப்பதில்லை, அது எனக்கும் தெரியும். நாங்களும் புதுப் போட்டுக்குப் பூசை போட்டுத்தான் கடலில் இறக்குவோம். ஆனால் அது புது வண்டியா? என் அப்பா வயது அதற்கு. ஐம்பது வருடம் ஊர் பேர் தெரியாத நாட்டில் பன்றியும் மாடும் ஏற்றிக்கொண்டு, எத்தனை பேர் எதை எதைக் கிடத்தினார்களோ, எவன் செத்தானோ, அத்தனையும் பார்த்துவிட்டு வந்த வண்டி. கோட்டுச்சேரியில் ஒரு கோட் பெயிண்ட் அடித்ததும் அதற்குத் தீட்டு வந்துவிட்டது.

“ஏத்துங்க” என்ற ஒரு வார்த்தைக்காக நான் கேட்டை விடாமல் நின்றேன். அவர் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கம்பி வழியாகக் கொடுத்தார். கொடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். “மெயின் ரோட்டுக்குப் போ, ஆட்டோ கெடைக்கும்” என்றும் சொன்னார்.

அன்றைக்கு ஆட்டோ எங்கே கிடைக்கும்? மாரிக்கண்ணு ஓடிப்போய் மீன் ஏற்றுகிற ட்ரை சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தான். அவரை அதில் படுக்க வைத்து, அவன் மிதிக்க நான் பின்னால் தள்ள, கோட்டுச்சேரி கடைத்தெருவுக்கு வந்தோம். அப்போதுதான் திரும்பவும் தண்ணீர் வருகிறது என்று ஒரு கூச்சல். சனம் எல்லாம் மேற்கே பார்த்து ஓடியது. பின்னால் ஆரன் சத்தம். ஒதுங்கித் திரும்பினால் பச்சை லேண்ட் ரோவர்.

மணி ஓட்டினார், பக்கத்தில் அவர் மனைவி. பின்பக்கம் முழுக்க காலி. காலி என்றால் ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டு பக்கத்துப் பலகையில் ஒன்றின் மேல், வெள்ளைப் பெட்சீட்டில் தலையணைகளோடு சேர்த்துச் சுற்றி, அவர்கள் வீட்டு டி.வி. படுத்துக்கொண்டு போனது. அடுத்த பலகை வெறுமையாகக் கிடந்தது. பயந்து ஓடினார், பெண்டாட்டியைக் காப்பாற்ற நினைத்தார், அதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வந்தபோது வண்டி மெதுவாகக் கூடப் போகவில்லை. நான் ட்ரை சைக்கிளை விட்டுவிட்டு, நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஸ்டுடியோக்காரர் மாடியிலிருந்து எடுத்தது அதைத்தான்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, “வண்டி நின்னுச்சா?” என்றார். ஆரன் அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

“நின்னுருச்சுங்க. திருப்பிக்கிட்டு வருது” என்றேன்.

காரைக்கால் ஆஸ்பத்திரி மதில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உயிர் போய்விட்டது. பார்த்த டாக்டர் சின்னப் பையன், அன்றைக்கு எத்தனை பேரைப் பார்த்தானோ, அவன் கண்ணே சிவந்திருந்தது. ரத்தம் போய்த்தான் செத்திருக்கிறார், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் அம்மா என்றான். அவன் வேறு எந்த அர்த்தத்திலும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் கொஞ்சம் எங்கே போயிற்று என்று தெரியும்.

அடக்கம் எல்லாம் முடிந்து ஊருக்குள் திரும்பும்போது மணியின் கொட்டகையைத் தாண்டித்தானே வர வேண்டும். கேட்டு திறந்து கிடந்தது. வாசலில் நாலு எலுமிச்சம்பழம், நாலு சக்கரமும் ஏறி நசுங்கி, வெயிலில் காய்ந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வருகிறது, உயிரைக் காப்பாற்ற ஓட வேண்டும் என்ற நேரத்திலும் பழம் எடுத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து வைத்திருக்கிறார். அதற்கு நேரம் இருந்திருக்கிறது. அவர் மாமனார் ஊர் அம்பகரத்தூர். அங்கேதான் போயிருக்கிறார், காளி கோயில் வாசலில்தான் வண்டி போய் நின்றது. பூசையும் ஆயிற்று.

நான் ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்னேன். அன்றைக்கு யாருக்குத்தான் சாவு இல்லை, யார் யாரைக் குற்றம் சொல்வது, விடு என்றார்கள். விட்டேன். குழந்தைகள் இல்லாத வீட்டில் மாமியாரும் நானும். கூடை தூக்கினால்தான் சோறு. இப்போது மணி விடாமல் வந்து, அந்த டி.வி. பெட்டிதான் என் புருஷன் என்று என்னையே சொல்லச் சொல்கிறார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இது எரிந்து முடிந்து சாம்பலான வீட்டில் வந்து, சாம்பலை அள்ளிக் கட்டுகிற கை.

மணி ஆப்பிளோடு வந்துபோன அன்று சாயங்காலமே அறிவுச்செல்வன் வந்தான். என் கொழுந்தன். அண்ணன் போனதும், போட்டும் போனதும், அவன் கடலை வெறுத்து மணியின் கொட்டகையில் தகரம் தட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வேறு வேலை கிடைக்கவில்லை, நானும் போகாதே என்று சொல்லவில்லை. வந்தவன் தலையைத் தூக்கவில்லை.

“அண்ணி, நீங்க கொட்டாய்ப் பக்கம் வராதீங்க. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுறேன்.”

“ஏண்டா?”

நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினான். பிறகு சொன்னான். வண்டியின் பின்கதவில் ஒரு நெளிசல் வேண்டும் என்று மணி கேட்டாராம். அலை அடித்த மாதிரி இருக்க வேண்டும். இவன் கையில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைக் கொடுத்து, நல்ல அலுமினியத் தகட்டை உள்வாங்க அடிக்கச் சொல்லியிருக்கிறார். உப்புத் தண்ணீரில் துணி நனைத்து, அடியில் வெள்ளைக் கறை ஏற்றவும் சொல்லியிருக்கிறார்.

“அடிச்சியா?”

“அடிச்சேன் அண்ணி.”

“உங்க அண்ணன் மேல அடிச்சதுடா அது” என்றேன். அவன் அழுதான். நானும் அழுதேன். பிறகு அவனுக்குச் சோறு போட்டேன். மணி கேட்டால், நான் கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். நீ வேலையை விட வேண்டியிருக்கும், அதையும் நினைத்துக்கொள் என்றும் சொன்னேன். அறிவுச்செல்வன் இப்போது போலகத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறான். அதற்குக் காரணம் நான்தான், தெரிந்தே செய்தேன்.

கோயமுத்தூர்க்காரர் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, ஆடம்பரம் இல்லாத ஆள். கூட வந்த காரும் டிரைவரும் வெளியே நின்றார்கள். நான் மீன் விற்ற கையோடு, கூடையை மட்டும் கடையில் போட்டுவிட்டு, வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே கொட்டகைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று கும்பிட்டார். அது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனிதனிடம் கோபப்படுவது கஷ்டம்.

மணி கடை விரித்துக்கொண்டிருந்தார். பின்கதவு நெளிசலைத் தடவிக் காட்டி, “இது அலை போட்ட அடி. சரி பண்ணக் கூடாதுன்னு அப்புடியே விட்டு வச்சிருக்கேன்” என்றார். என் கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் பூசணிக்காயைச் செய்து, பிறகு அதைக் காட்டிக் காசு கேட்கிறார்.

கோயமுத்தூர்க்காரர் அந்த நெளிசலைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்கம்மா, நான் இதை வெறும் வண்டியா நினைக்கலீங்க. உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்த முடியலைன்னாலும், கடைசி வரைக்கும் ஒரு முயற்சி பண்ணியிருக்குதில்லீங்களா. அதுக்காகத்தான் கேக்கறேன். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரலாமுங்களா?”

நான் சொல்ல நினைத்து வைத்திருந்த வசவை எல்லாம் தள்ளி வைத்தேன். இந்த மனிதரிடம் நான் வாயால் சொன்னால் என்ன ஆகும்? மணி ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். மீன்காரி காசு கேட்டுத் தகராறு பண்ணுகிறாள் என்று ஆகிவிடும். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

“பாக்கலாங்க” என்றேன். “அன்னைக்கிப் போன வழியிலேயே ஆஸ்பத்திரி வரைக்கும் போவோம். நான் பின்னால உக்காந்துக்குறேன். மணியண்ணே ஓட்டட்டும்.”

கோயமுத்தூர்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மணிக்கு முதலில் முகம் மாறியது, பிறகு, இவள் நம் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, சாவியை எடுத்துக்கொண்டு ஏறினார். அன்றைக்கும் மார்கழிதான். எலுமிச்சம்பழமும் இல்லை, ஒரு கற்பூரமும் இல்லை. வியாபாரம் என்று வந்துவிட்டால் மாதம் பார்ப்பதில்லை போலிருக்கிறது. அறிவுச்செல்வன் கேட்டைத் திறந்து விட்டான்.

நான் பின்பக்கத்தில் ஏறி, அன்றைக்கு வெறுமையாக இருந்த அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். நீளமான பலகை. ஒரு ஆள் காலை நீட்டித் தாராளமாகப் படுக்கலாம். வெற்றிலை ஒன்றைச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். வண்டி கிளம்பியது. கடைத்தெரு வந்தது, ஸ்டுடியோ வந்தது, நான் ஓடிய இடம் வந்தது. நான் ட்ரை சைக்கிளின் பின்கம்பியைப் பிடித்து, செருப்பில்லாத காலோடு தள்ளித் தள்ளி வந்த ரோடு அது. ஒவ்வொரு மரமும் எனக்குத் தெரியும். எந்த மரத்தடியில் தண்ணீர் கேட்டார், எந்த மதகில் சக்கரம் இறங்கி மாரிக்கண்ணு தோளைக் கொடுத்துத் தூக்கினான் என்று தெரியும். அந்த மரங்கள் எல்லாம் இப்போது பின்னால் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றைப் பார்ப்பதற்குள் அடுத்தது போயிற்று. முன்னால் மணி, இன்ஜினைப் பற்றியும் கியரைப் பற்றியும் கோயமுத்தூர்க்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த வயதிலும் வண்டி திணறாது என்றார். உண்மைதான், திணறவே இல்லை.

திடீரென்று வண்டி நின்றது. நிமிர்ந்தேன். ஆஸ்பத்திரி வாசல். என் வாயில் இருந்த வெற்றிலையில் இன்னும் சாறு இறங்கவில்லை.

இறங்கி முன்பக்கம் வந்தேன். கோயமுத்தூர்க்காரரும் இறங்கினார்.

“அட, இவ்வளவு பக்கமுங்களா” என்றார். “அன்னைக்கும் இவ்வளவு நேரந்தான் ஆச்சுங்களா?”

“அன்னைக்கி வண்டி இதவிட வேகமாப் போச்சுங்க. ஆனா நாங்க அதுல இல்ல.”

“மதி” என்றார் மணி, ஸ்டியரிங்கை விடாமல்.

கோயமுத்தூர்க்காரர் கையில் அந்தப் பத்திரிகை இருந்தது. வாங்கிப் பிரித்தேன். என் கையில் மீன் கவிச்சி, தாளில் ஒட்டியிருக்கும். “இதுல நான் என்ன பண்றேன்னு நெனைக்கிறீங்க?” என்றேன். “நிப்பாட்டுங்க நிப்பாட்டுங்கன்னு கத்திக்கிட்டு ஓடுறேங்க. நிக்கல. மொதல்ல கொட்டாய்க்கே போயிக் கேட்டேன். மார்கழி, பூச போடல, ரத்தத்த ஏத்த முடியாதுன்னாரு. பொறவு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஓட்டிக்கிட்டு வந்தாரு. இந்த வெள்ளத் துணி இருக்குல்ல, இது அவங்க வீட்டு டி.வி. பெட்டி.” படத்தின் ஓரத்தில் விரலை வைத்தேன். “இத்தோட படம் முடிஞ்சிடுது பாருங்க. இதுக்கு அந்தாண்ட, மீன் வண்டில எங்க வீட்டுக்காரரு படுத்துருந்தாரு. உசுரோட.”

அவர் படத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். நான் சொல்வது பொய் என்று மணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வாய் வந்திருக்காது, இவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்ட வண்டியில் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்வார்? கோயமுத்தூர்க்காரர் வண்டியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளிப் போய், போனில் தன் டிரைவரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு வா என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த சனம் ரெண்டு பேர் மூன்று பேராக நின்று பார்க்க ஆரம்பித்தது. மணி அக்கம்பக்கம் பார்த்தார். இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

“எல்லாரும் பாக்குறாங்க மதி. ஏறு. வண்டில ஏறு, வீட்ல போயிப் பேசிக்கலாம்.”

அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே” என்றேன். திறந்த கதவைப் பிடித்தபடி அவர் நின்றார். நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கோட்டுச்சேரி பஸ்ஸுக்காக ரோட்டைத் தாண்டினேன்.